ஆப்ரேசன் புண்ணு பழுக்குறது டாக்டருக்குத் தெரியாமலா, தெரிஞ்சுமா?

வேளிமலை_ஹவுஸ்சர்ஜன்
(இழையைத் தொடங்கியவர்)

எங்க ஆஸ்பத்திரியில, பேரு வேண்டாம், நாகர்கோவில் பக்கம்னு வச்சுக்கிடுங்க, டாக்டர்மாருக்கு ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க. ஆப்ரேசன் புண்ணுல வாற தொற்றைப் பத்தி யாருக்கு என்ன தெரியும்னு பாக்கதான். பெரிய கேள்வி ஒண்ணும் இல்லை. எத்தனை நாளுக்குள்ள பழுத்தா அது ஆப்ரேசன் கணக்குல வரும்? முதல் ஆன்டிபயாட்டிக் எப்போ போடணும்? முடியை எதை வச்சு எடுக்கணும்? தையல் போட்ட பிறகு எத்தனை நாள் ஊசி?

பதில்களைப் பாத்தா முக்கால்வாசி சரி. 30 நாள், உள்ள வலையோ பிளேட்டோ வச்சிருந்தா 90 நாள். கீறுறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி. பிளேடு கூடாது, தேவைப்பட்டா தோலைக் கீறாம முடியை மட்டும் வெட்டுற கிளிப்பர். தையல் போட்டாச்சுன்னா ஆன்டிபயாட்டிக்கை நிறுத்து. நல்லாத்தான் எழுதியிருக்காங்க.

மறுநாள் காலையில வார்டுக்குப் போறேன். ஹெர்னியா கேஸ் எல்லாருக்கும் ராத்திரியே பிளேடு வச்சு வழிச்சாச்சு. ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒண்ணா ஊசி போட்டாச்சு. கடைசி ஆளு தியேட்டருக்குள்ள போகும்போ மதியச் சாப்பாட்டு நேரம். கேஸ் ஷீட்டுல அஞ்சு நாள் ஊசி எழுதியிருக்கு. முந்தின நாள் கேள்வித்தாளில "நிறுத்து"ன்னு எழுதின அதே கையெழுத்து.

அப்போ குறை அறிவுலதானா? உங்க இடத்துல எப்படின்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி பேரு, ஆளு பேரு யாரும் போடாதீங்க.


முட்டம்_ஜோ

அறிவைப் பத்தி எனக்குத் தெரியாது டாக்டரே. எனக்க அக்காவுக்கு சிசேரியன். ஆஸ்பத்திரியில இருந்து வரும்போ புண்ணு நல்லா காஞ்சுதான் இருந்து. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழிஞ்சு தையலுக்க ஒரு ஓரம் செவந்து, தொட்டா கொதிச்சு, பொறவு சலம் வர ஆரம்பிச்சு. ஆப்ரேசன் செஞ்ச எடத்துக்குப் போகணும்னா கைப்பிள்ளையையும் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறணும். எங்க ஊரு கிளினிக்குலயே காட்டினோம். அவரு ரெண்டு தையலை அவுத்துவிட்டு, கழுவி, தெனமும் கட்டு மாத்தினாரு. சொகமாச்சு.

நான் கேக்கியது ஒண்ணுதான். ஆப்ரேசன் செஞ்ச டாக்டரம்மாவுக்கு இது தெரியுமா? தெரியாது. அவங்க நோட்டுல அக்கா சொகமா வீட்டுக்குப் போன கேசு.


வேளிமலை_ஹவுஸ்சர்ஜன்

ஜோ அண்ணே, கேள்வித்தாளில இல்லாத கேள்வியைக் கேட்டுட்டீங்க. "உங்க கேசுல போன வருசம் எத்தனை பழுத்துது?" அதுக்குப் பதில் சொல்ல எங்க யூனிட்ல ஒருத்தருக்கும் முடியாது.


மயக்கம்_தெளிந்தவர்

மயக்க மருந்து டாக்டர் நான். ஊசி நேரம் எங்க கையில வாற விசயம், அதனால கொஞ்சம் விரிவா.

கத்தி தோலைத் தொடும்போது மருந்து திசுவுக்குள்ள ஏறி நிக்கணும். கணக்கு அவ்வளவுதான். ரொம்ப முன்னாடி குடுத்துட்டா கீறும்போ பாதி சிறுநீரில போயிருக்கும். பின்னாடி குடுத்தா கிருமி முதல்ல போய் இடம் பிடிச்சிருக்கும். 1992-ல அமெரிக்காவுல 2,847 பேரைப் பாத்த ஒரு ஆய்வு வந்துது. கீறுறதுக்கு முந்தின ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டவங்கள்ல தொற்று 0.6 சதவீதம். அதைவிட முன்னாடியே போட்டவங்களுக்கு 3.8. கீறி மூணு மணி நேரம் தாண்டிப் போட்டவங்களுக்கு 3.3. அதே மருந்துதான், கடிகாரம்தான் வேற. உலக சுகாதார நிறுவனம் 2016-ல 120 நிமிசத்துக்குள்ளன்னு சொல்லி, மருந்து உடம்புல எவ்வளவு நேரம் நிக்கும்னு பாத்துக்கிடச் சொல்லுது. செஃபசோலின் மாதிரி சீக்கிரம் இறங்குற ஆன்டிபயாட்டிக்குக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள போடுறதுதான் நல்லது. கேஸ் நாலு மணி நேரம் தாண்டினாலோ ரத்தம் ஒண்ணரை லிட்டர் போனாலோ இன்னொரு டோஸ். இந்த ரெண்டாவது டோஸை எத்தனை தியேட்டர்ல போடுறாவ? கை தூக்குங்க பாப்போம்.

சிசேரியனுக்கு முன்னெல்லாம் தொப்புள்கொடியைக் கவ்வின பிறகுதான் ஊசி. மருந்து பிள்ளைக்குப் போயிரும்னு பயம். இப்போ கீறுறதுக்கு முன்னாடியே போடச் சொல்லுறாங்க, தாய்க்கு அதுதான் நல்லது. பழைய பழக்கம் இன்னும் சில இடத்துல நிக்குது.

வார்டுல ஆறு மணிக்கு மொத்தமா ஊசி போடுறதுக்கு டாக்டரும் காரணமில்லை, சிஸ்டரும் காரணமில்லை. ஆறு மணிக்கு ஊசி டிராலி சுத்துது, அதான் காரணம். ஊசியை தியேட்டருக்குள்ள கொண்டு வந்து என் டிராயரில வைங்க, நான் போடுறேன். எங்க இடத்துல அப்படி மாத்தினோம். யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டி வரலை.


தியேட்டர்_சிஸ்டர்

சார் சொன்னதுல ஒண்ணு சேக்கணும். ஊசி தியேட்டருக்கு வந்தா, போட்டது யாருன்னு எழுத ஒரு இடம் வேணும். இல்லைன்னா வார்டுல போட்டாச்சுன்னு இவங்களும் தியேட்டர்ல போடுவாங்கன்னு அவங்களும் இருந்து, ஒண்ணுமே போடாம கேஸ் முடியும்.

பிளேடு விசயம் நான் சொல்லுறேன். வழிச்ச இடத்தை டியூப் லைட்டுக்குக் கீழ சாய்ச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியுற கீறலே இருக்கும், தெரியாத கீறல் அதைவிட எத்தனையோ. ராத்திரி முழுக்க அதுல கிருமி குடியிருந்து, காலையில நாம அதுக்கு மேல மருந்து தடவுறோம். 1971-லேயே ஒரு ஆய்வு: ரேசர் வச்சு வழிச்சவங்களுக்குத் தொற்று 5.6 சதவீதம், வழிக்காதவங்களுக்கும் முடி எடுக்குற கிரீம் போட்டவங்களுக்கும் 0.6. இது எனக்கு நர்சிங் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தது. ஆனாலும் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போ முடி இருந்தா "பிரிப்பரேசன் ஆகலியா?"ன்னு கேப்பாரு. வழிக்கிற அண்ணனுக்கு அந்தக் கேள்விதான் தெரியும், ஆய்வு தெரியாது. கிளிப்பர் வாங்கித் தந்தாங்க. சார்ஜர் காணாமப் போய் அலமாரியில கெடக்கு.

பிறகு தோலுக்கு மருந்து போடுறது. பழுப்பு நிற மருந்தை வட்டமா தடவினதும் காய விடணும். மருந்து வேலை செய்யுறதே அந்த நேரத்துலதான். ஆனா அஞ்சு செகண்டுல துணியால ஒத்தி எடுத்துட்டு "கத்தி"ன்னு கையை நீட்டுவாங்க. ஸ்பிரிட் கலந்த மருந்துன்னா காயாம காட்டரி (சூட்டால ரத்தத்தை நிறுத்துற மின்கருவி) வச்சா தீப்பிடிக்கும், அந்தப் பயத்துலயாவது காத்திருக்கலாம்.

ஆட்டோகிளேவ் டேப்பும் அப்படித்தான். கோடு கறுத்தா ஸ்டெரைல் ஆயிட்டுன்னு நினைக்கிறவங்க டாக்டர்மாரிலயும் உண்டு. பொட்டலத்துக்கு வெளியில சூடு பட்டிருக்குன்னுதான் டேப் சொல்லும். உள்ள 121 டிகிரி வேணுங்கிற நேரம் நின்னுதான்னு தெரிய உள்ளேயே வேற பட்டை வைக்கணும், இடைக்கிடை கிருமி வித்து வச்சும் சோதிக்கணும். டிரம்மை மூச்சு முட்ட அடைச்சா ஆவி நடுவுல போகவே போகாது.

கடைசியா கதவு. ஒரு கேசுக்குள்ள எத்தனை தடவை திறக்குதுன்னு எண்ணிப் பாருங்க. போன் சார்ஜருக்கு ஒரு ஆளு, டீ வந்துட்டான்னு கேக்க ஒரு ஆளு.


ஓய்வு_கத்தி

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் ரொம்ப காலம் கத்தி பிடிச்சவன். அஞ்சு நாள் ஊசி எழுதின கை என்னுதுமாதான் இருக்கும். ஏன்னு கேளுங்க. அந்த ஆய்வு நடந்த தியேட்டர் வேற, நான் ஆப்ரேசன் செஞ்ச தியேட்டர் வேற. ஏசி நிக்கும், கரண்ட் போகும், மழைக்காலத்துல சுவரில பூசணம். எனக்கு வாறவரு எச்பிஏ1சி, அதான் மூணு மாசச் சர்க்கரைக் கணக்கு, பத்து, பதினொண்ணு வச்சுக்கிட்டு, வீட்டுல மூணு வாரம் நாட்டு மருந்து போட்டுட்டு வாறவரு. புத்தகத்துல இருக்கியபடி ஒரே டோஸோட நிறுத்திட்டு, அவரு பழுத்துட்டு வந்தா சொந்தக்காரங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேப்பாவ. "ஊசி போட்டியா டாக்டரே?"ன்னு. புத்தகமா வந்து பதில் சொல்லும்?


அகர்_தட்டு

ஓய்வு சார், மரியாதையோடதான் சொல்லுறேன். மைக்ரோபயாலஜிக்காரி நான். நீங்க அஞ்சு நாள் ஊசி போட்ட புண்ணுல இருந்து வாற பஞ்சுக்குச்சி எங்கிட்டதான் வருது.

நம்ம தியேட்டர் வேற மாதிரிங்கிறது உண்மை. வயித்து ஆப்ரேசனுக்கு இந்தியா உட்பட ஏழு நாட்டுல 5,788 பேரை வச்சு நடந்த ஆய்வு 2021-ல வந்துது, அதுல தொற்று 22 சதவீதம். அமெரிக்காக்காரன் இதைக் கேட்டா மயங்கி விழுவான். கீறுறதுக்கு முன்னாடி தோலுல தடவ ஸ்பிரிட்ல கலந்த குளோர்ஹெக்சிடினா, தண்ணியில கலந்த அயோடினான்னு பாத்தாங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு வந்துது. கிருமிநாசினி பூசின விலை கூடின தையல் நூலும் கை குடுக்கலை. அதே ஏழு நாட்டுல 2022-ல இன்னொண்ணு, 13,301 பேர். வயித்தை மூடுறதுக்கு முன்னாடி எல்லாரும் கையுறையை மாத்தி, புதுக் கருவியில தையல் போட்டாங்க. மாத்தாத ஆஸ்பத்திரிகள்ல தொற்று 18.9 சதவீதம், மாத்தின ஆஸ்பத்திரிகள்ல 16. இது வெள்ளைக்காரன் தியேட்டர்ல நடந்த ஆய்வு இல்லை சார், கரண்ட் போற தியேட்டரும் இதுல உண்டு.

அஞ்சு நாள் ஊசிக்கு வாறேன். முடிஞ்ச பிறகும் தொடர்ந்தா நல்லதான்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் 69 ஆய்வுகளைச் சேத்து வச்சுப் பாத்துது. பொதுவா லாபம் இல்லைன்னு வந்ததாலதான் நிறுத்தச் சொன்னாங்க. புண்ணுல நீர் வடிய குழாய் வச்சிருந்தாலும் அதுக்காகத் தொடர வேண்டாம்னாங்க. ஏற்கெனவே பழுத்த வயிறு, உடைஞ்ச குடல்வால், அது வேற. அங்க நீங்க தடுக்கலை, வைத்தியம் பாக்குறீங்க. சுத்தமான ஹெர்னியாவுக்கும் அதே சீட்டை எழுதும்போதுதான் எங்கிட்ட வாற கிருமி எதுக்கும் மசியாத கிருமியா வருது. 66 நாட்டுல எடுத்த ஒரு கணக்குல, 2018-ல வந்தது, தொற்று வந்து கிருமியை வளத்துக் கண்டுபிடிச்சவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு மேல முன்கூட்டி குடுத்த மருந்துக்கே அடங்காத கிருமி.

சர்க்கரைக்கு மட்டும் உங்க பக்கம் நிப்பேன். நம்ம மாவட்டத்துல சுகர் இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்கணும். ஆனா அதுக்கு மருந்து ஆறாவது ஊசியில இல்லை. ஆப்ரேசன் நேரத்துல ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழ நிக்கட்டும். அவசரம் இல்லாத கேஸ்னா ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, பீடியையும் அதோட நிறுத்தச் சொல்லுங்க.


மயக்கம்_தெளிந்தவர்

சூட்டையும் சேத்துக்கிடுங்க. ஏசியை 18-ல வச்சுட்டு நோயாளியை ஒரு துணியோட மூணு மணி நேரம் கிடத்துவாங்க. நடுக்கம் வந்தா எங்களைக் கூப்பிடுவாங்க. குடல் ஆப்ரேசன்ல உடம்பு குளிர்ந்தவங்களுக்குத் தொற்று 19 சதவீதம், சூடா வச்சவங்களுக்கு 6. இது 1996 ஆய்வு. சூடான சலைனும் ஒரு கம்பளியும் பெரிய செலவா?

நெய்யூரை நினைச்சுப் பாருங்க ஓய்வு சார். 1922-ல எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்து சர்ஜன் சாமர்வெல் பிறகு நம்ம மாவட்டத்து நெய்யூருக்கு வந்து, வருசக்கணக்கா குடல்புண்ணுக்கு வயித்தைத் திறந்து ஆப்ரேசன் செஞ்சாரு. பென்சிலின் கடைக்கு வராத காலம். அஞ்சு நாள் எழுத அவருகிட்ட ஊசியே இல்லை.


ஓய்வு_கத்தி

சாமர்வெல் துரைக்கு வாட்ஸாப்புல ஆஸ்பத்திரி ரேட்டிங் போடுறவனும் இல்லை.


குளச்சல்_வலைக்காரர்

பெரியவங்க பேச்சுல குறுக்க வாறதுக்கு மன்னிக்கணும். அப்பாவுக்கு குடலிறக்க ஆப்ரேசன் முடிஞ்சிருக்கு. மீனு தின்னா புண்ணு பழுக்கும்னு வீட்டுல எல்லாரும் சொல்லுகாவ. அவரு மீனு இல்லாம சோறே தொட மாட்டாரு. குடுக்கலாமா? குளிக்கலாமா?


அகர்_தட்டு

மீனைக் குடுங்க அண்ணே. புண்ணு ஆறுறதுக்குப் புரதம் வேணும். கஞ்சியும் துவையலுமா மாசக்கணக்கா வச்சா ஆறுறது பிந்தும். சாளையோ அயிலையோ, குழம்பு வச்சே குடுங்க. சுகர் இருந்தா மாத்திரையை நிறுத்திராதீங்க, மீனைவிட அதுதான் முக்கியம். சாதாரண தையல்னா 48 மணி நேரம் கழிஞ்சு மேல தண்ணி விட்டுக் குளிக்கலாம், உங்க டாக்டர் வேற சொல்லலைன்னா. குளத்துலயும் கடலிலயும் இறங்க வேண்டாம். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் தூவாதீங்க. பழுக்காத தையலுக்கு ஆன்டிபயாட்டிக் பவுடரும் தேவையில்லை.


அகர்_தட்டு

ஜோ கேட்டதுக்குத் திரும்ப வாறேன், எனக்கு அதுதான் இந்த இழையில முக்கியமாப் படுது. "எனக்கு இன்ஃபெக்‌ஷனே வாறதில்லை"ன்னு சொல்லுற சர்ஜன் பொய் சொல்லலை. தொற்று பெரும்பாலும் வெளிய தெரியுறது அஞ்சாம் நாளுக்குப் பிறகு. நாம மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்புறோம். அருமனைக்காரர் அருமனையில கட்டு மாத்துவாரு, தேங்காப்பட்டணத்துக்காரர் அங்க உள்ள கிளினிக்குல. சிலபேருக்கு திருவனந்தபுரத்துல ஆப்ரேசன், மார்த்தாண்டத்துல டிரஸ்ஸிங். பழுத்தது கத்தி பிடிச்சவரு காதுக்குப் போறதே இல்லை. அப்புறம் எப்படி அவரு பழக்கத்தை மாத்துவாரு? அவரு கண்ணுல எல்லாம் சரியாத்தானே இருக்கு.

இதுல மோசமானது வயித்துல சின்னத் துளை போட்டு கருவியை விட்டுச் செய்யுற துளை ஆப்ரேசன். பித்தப்பைக் கல்லு எடுத்துட்டுப் போன ஆளுக்கு மூணு நாலு வாரம், சிலபேருக்கு இன்னும் பிந்தி, துளை போட்ட இடத்துல ஒரு சின்னக் கட்டி வரும். உடையும், தண்ணியா வடியும், மூடும், திரும்ப வரும். ஊர் டாக்டர் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்தி இன்னொண்ணு குடுப்பாரு. கிருமியை வளத்துப் பாக்க கல்ச்சர் அனுப்பினா ரெண்டு நாளில "ஒண்ணும் வளரலை"ன்னு ரிப்போர்ட். தட்டை ஒரு வாரம் வச்சிருந்தா தெரியும்: காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தக்காரன், தண்ணியில வாழுறது. கருவியைப் பிரிக்காம, மூட்டுல இருக்குற சதைத் துணுக்கைக் கழுவாம, குளூட்டரால்டிஹைடுங்கிற கிருமிநாசினியில 20 நிமிசம் முக்கி, குழாய்த் தண்ணியில அலசினா அது கூடவே உள்ள போயிரும். அந்த 20 நிமிசம் உயர்மட்டக் கிருமிநீக்கம், அவ்வளவுதான். ஸ்டெரைல் ஆகணும்னா அதே மருந்துல எட்டு, பத்து மணி நேரம் கெடக்கணும். வைத்தியமோ மாசக்கணக்குல மாத்திரை. இப்படி ஒரே இடத்துல ஆப்ரேசன் செஞ்ச நாலு பேரு நாலு ஊர் கிளினிக்குல இருந்தா யாரு கோர்த்துப் பாப்பாங்க?


வேளிமலை_ஹவுஸ்சர்ஜன்

எண்ணிச் சொன்னா மாறும்ங்கிறதுக்கு ஆதாரம் பழசுதான். கனடாவுல கால்கரியில ஒரு ஆஸ்பத்திரி பத்து வருசம் 62,939 புண்ணைப் பின்தொடர்ந்துது, 1980-ல எழுதினாங்க. ஒவ்வொரு சர்ஜனுக்கும் அவரவர் சுத்தமான கேசுல எத்தனை பழுத்துதுன்னு கணக்கைக் கையில குடுத்தாங்க. சதவீதம் இறங்கிச்சு. அமெரிக்காவுல 1985-ல வந்த பெரிய ஆய்வும் அதைத்தான் சொல்லுது: கண்காணிச்சு, ஆளு வச்சு, சர்ஜனுக்குக் கணக்கைத் திருப்பிக் குடுத்த ஆஸ்பத்திரிகள்ல ஆஸ்பத்திரித் தொற்று 32 சதவீதம் குறைவு.

நாம கேள்வித்தாள் குடுத்து மார்க் போட்டு, மார்க் குறைஞ்சா ஒரு வகுப்பு வைக்கிறோம். மார்க் வாங்கினவரும் மறுநாள் அதே சீட்டைத்தான் எழுதுறாரு.


ஓய்வு_கத்தி

தம்பி, கணக்குக்கு நான் எதிரி இல்லை. அந்தக் கணக்கு யாரு கையில போகும்னு சொல்லு. இன்சூரன்ஸ்காரன் கையில போனா, சுகர் உள்ள கிழவரை எவனும் தொட மாட்டான். எல்லாரையும் திருவனந்தபுரத்துக்கு ஏத்தி விடுவான். பழுத்த குடல்வாலையும் காய்ஞ்ச ஹெர்னியாவையும் ஒரே கூடையில போட்டு எண்ணினா, அவசரக் கேசு பாக்குறவன்தான் கெட்ட சர்ஜன்னு ஆயிரும்.


அகர்_தட்டு

சரியான பயம் சார். அதனாலதான் புண்ணை நாலு வகையாப் பிரிச்சு எண்ணுறது: சுத்தம், கிருமி லேசாக் கலந்தது, கிருமி கலந்தது, அழுக்கு. சர்ஜனுக்குக் குடுக்குறது சுத்தமான கேஸ் கணக்கு மட்டும், அதுவும் மூடின கவருல. சுவரில ஒட்ட வேண்டாம்.


முட்டம்_ஜோ

கணக்கு எப்படி எடுப்பிய? தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எங்க ஊருல லோன் காரன்னு கட் பண்ணுவாவ.


தியேட்டர்_சிஸ்டர்

டிஸ்சார்ஜ் அன்னைக்கே வார்டு போன் நம்பரை அவங்க போன்ல "ஆப்ரேசன் சிஸ்டர்"னு பதிஞ்சு குடுத்தா எடுப்பாங்க தம்பி. கூட வாற ஆளு நம்பரும் வாங்கணும், ஆம்பளைங்க கடலுக்குப் போயிருப்பாங்க. கேக்க வேண்டியது கொஞ்சம்தான். புண்ணைச் சுத்தி செவப்பு கூடுதா, வடியுதா, நாத்தம் உண்டா, தையல் விட்டிருக்கா, காய்ச்சல் உண்டா, குறைஞ்ச வலி திரும்பக் கூடுதா, வேற எங்கயாவது காட்டினீங்களா. கடைசிக் கேள்விதான் பிரதானம். போட்டோ அனுப்பச் சொல்லலாம். ஆனா சிசேரியன் புண்ணு போட்டோ யாரு போன்லயும் நிக்கக் கூடாது, வார்டு போன்ல பாத்ததும் அழிக்கணும்.


வேளிமலை_ஹவுஸ்சர்ஜன்

அப்போ ஹெர்னியாவும் சிசேரியனும் மட்டும் முதல்ல. பத்தாம் நாள் ஒரு போன், முப்பதாம் நாள் ஒரு போன், வலை வச்சவங்களுக்கு 90 நாளிலயும். என் யூனிட் சீஃப்கிட்ட நாளைக்குப் பேசுறேன். சிஸ்டர், உங்க கேள்விகளை ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா?


தியேட்டர்_சிஸ்டர்

எழுதித் தாறேன். போன் பண்ணப் போறது ஹவுஸ்சர்ஜனா, எங்க ஸ்டாஃபா? அதை முதல்ல சீஃப்கிட்ட கேட்டுட்டு வாங்க டாக்டர். எங்க வார்டுல ராத்திரிக்கு ஒரு ஆளுதான் உண்டு. கிளிப்பர் சார்ஜரையும் அப்படியே கேட்டுருங்க.